முதலாளியிடம் பேர் கேட்ட பெட்டி

தளவாய் அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கியதற்குக் காரணம் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்கு ஒன்று பேசக் கூடாது. எண்பத்தாறாம் வருஷம் சீசனுக்கு எதிர் லாட்ஜ்காரர் ரூமுக்கு ரூம் கலர் டிவி வைத்தார். அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. சென்னையில் ஏதோ பெரிய ஓட்டலில் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து ரூம் கொடுத்ததைக் கண்டுவிட்டு வந்து, குற்றாலத்தில் தன்னுடைய சாரல் பவனத்துக்கும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

நான் அப்போதுதான் சவுதியில், தமாமில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஏழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று தென்காசிக்கு வந்து சேர்ந்திருந்தேன். எனக்கும் ஹாஜரா பீவிக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். தென்காசியில் என்னைத் தவிர அந்த மாதிரி மெஷினைத் தொட்டவன் கிடையாது. அந்த மெஷினைத் தவிர எனக்கும் ஊரில் வேறு பிழைப்பு கிடையாது. இந்த வேலை போனால் மறுபடி பாஸ்போர்ட்டைத் தூக்க வேண்டியதுதான். அது ஹாஜராவுக்கும் தெரியும். நான் தினமும் குற்றாலத்துக்கு பஸ் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

கம்ப்யூட்டர் என்றால் ஸ்விட்சைப் போட்டதும் எரிகிற பல்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது எழுந்ததும் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகத் தானே தொடங்கும். பிரிண்டரை எழுப்பும். கவுண்டரில் இருக்கும் டெர்மினலை எழுப்பும். அதாவது டிவி மாதிரி ஒரு பெட்டி, முன்னால் தட்டுவதற்கு எழுத்துப் பலகை. சமையல்கட்டில் இருப்பதையும் எழுப்பும். டெலிபோன் லைனில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாத வேலை எழுதியிருந்தால் அதையும் விசுவாசமாகத் தொடங்கும். சீசனில் காற்றும் சாரலும் சேர்ந்தடித்தால் குற்றாலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். எங்கள் மெஷின் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்து, வேண்டாததையும் ஒவ்வொரு தடவையும் தொடங்கிக்கொண்டிருந்தது.

வேண்டாததையெல்லாம் எழுதி வைத்தவர் மெஷினை நிறுவ மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் சந்தானகிருஷ்ணன். நல்ல பிள்ளை, சங்கடமே அதுதான். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தான் மதுரையில் இருந்தபடியே ரிப்பேர் பார்க்க டெலிபோன் லைனைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிட்டிருந்தார். கவுண்டர் மேனேஜர் பேச்சிமுத்து ஆசைப்பட்டார் என்று, யார் வேண்டுமானாலும் யார் திரையிலும் செய்தி எழுதலாம் என்றொரு வசதி. பேச்சிமுத்து அதை வைத்து நாள் முழுக்க சமையல்கட்டுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. லாட்ஜுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரை ஒட்டி அண்ணாச்சியின் வீடு. முதலாளி வீட்டில் ஒரு டெர்மினல் இல்லாவிட்டால் எப்படி? குரங்குகள் ஊஞ்சலாடும் சுவருக்கு மேல் வயரை இழுத்து, வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு டெர்மினல் வைத்தார்கள். நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, அண்ணாச்சி அதன் முன்னால் உட்கார்ந்தார். அது வழக்கம்போல உன் பேர் என்ன என்று கேட்டது. அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டதாம். ஊரே வந்து நின்று கும்பிட்டுப் போகிற ஆளை, அவர் காசு போட்டு வாங்கிய பெட்டி யார் நீ என்று கேட்கிறது. சந்தானகிருஷ்ணன் பதறிப்போய், அந்த ஒரு டெர்மினல் மட்டும் பேரும் கேட்காமல் பாஸ்வேர்டும் கேட்காமல் நேராகத் தலைமை அதிகாரத்தோடு திறக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போனார். தலைமை அதிகாரம் என்றால், மெஷினுக்குள் எதையும் மாற்றலாம், அழிக்கலாம், கேட்க நாதி கிடையாது. மரியாதைக் குறைச்சல் தீர்ந்தது. அண்ணாச்சி அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அவர் மனைவி வடிவாம்பாள் மதினி கிளி போட்ட ஒரு உறையைத் தைத்து அதன்மேல் போட்டு மூடினார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்குப் பொட்டு வைப்பார்கள்.

எண்பத்தேழு சீசனில், ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் வினை ஆரம்பித்தது. முன்பணம் கட்டி ரூம் உறுதியான பார்ட்டி பெட்டி படுக்கையோடு வந்து நிற்பார்கள், அவர்கள் ரூமில் வேறு யாரோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மெஷினில் பார்த்தால் அந்த வேறு யாரோ பேரில்தான் ரூம் பதிவாகியிருக்கும். வாடகை சரியாக வந்துவிடும், ஒரு குறையும் இல்லை, ஆனால் ஆள் வேறு. முதல் தடவை பேச்சிமுத்து குரங்கு வயரைப் பிடித்து ஆட்டியதில் பேர் மாறிவிட்டது என்றார். அவருக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டாவது தடவை அவர் குரங்கைச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். மூன்றாவது, சென்னையிலிருந்து வந்த டாக்டர் குடும்பம். அண்ணாச்சியே போனில் பேசி வரச்சொன்னவர். அவர் சாரலில் நனைந்துகொண்டு போர்ட்டிகோவில் நின்று போட்ட சத்தம் ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும்.

ரூமை யார் மாற்றினாலும் மெஷினில் அவர் பேர் பக்கத்தில் விழும். மூன்று தடவையும் தலைமை அதிகாரத்தின் பேர்தான் விழுந்திருந்தது. அதன் பாஸ்வேர்டு என் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்புறம் என்ன, முடிந்தது கதை. வளைகுடாவிலிருந்து லீவில் வரும் சேக்காளிகளுக்கு நான் ரூம் விற்கிறேன் என்று பேச்சிமுத்து அண்ணாச்சி காதில் ஓதினார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார். ஆடி பிறப்பதற்குள் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழு வருஷம் அந்நிய நாட்டில் ஒருத்தன் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை. சொந்த மண்ணில் சொல்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தானாகத் தொடங்குகிற வேலை ஒன்று யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியவில்லையா, சொல்லாமல் நிறுத்திவிட வேண்டும். யார் கத்திக்கொண்டு வருகிறாரோ அவருடையது அது. வெறுமனே நிறுத்தினால் போதாது, அடுத்த தடவை கரண்ட் போய் வந்ததும் சவம் மறுபடி எழுந்துகொள்ளும். எழுந்ததும் தொடங்கச் சொல்லி எழுதியிருக்கிறதே, அந்த இடத்திலேயே அந்த வரியை அடித்து நீக்கிவிட வேண்டும்.

முதலில் டெலிபோன் லைனை அடித்தேன். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். மதுரையிலிருந்து சந்தானகிருஷ்ணன் போன் போட்டு, லைன் எடுக்கவில்லையே என்று பாவமாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். நல்லதாப் போச்சு என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வாரமும் ஒரு ரூம் மாறியது. அடுத்து, திரைக்குத் திரை எழுதும் செய்தி வசதியை அடித்தேன். பேச்சிமுத்து குதி குதி என்று குதித்தார். டீ சொல்ல அவர் சமையல்கட்டுக்கு நடக்க வேண்டியதாகிவிட்டது. நான் ஒவ்வொரு கதவாகச் சாத்துவது உள்ளே இருந்து தனியாகத் திருடத்தான் என்று அதையும் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் சொன்னார். ரூம் மாறுவது நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது கிளி உறைக்குள் இருந்த பெட்டி. அண்ணாச்சி வீட்டில் யாரையும் நான் சந்தேகப்படவில்லை, அல்லாவின் மேல் ஆணை. வேலைக்காரர்களோ வந்துபோகிறவர்களோ தொட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சியிடம் போய்ப் பதமாகச் சொன்னேன். அந்த டெர்மினல் தினமும் தலைமை அதிகாரத்தோடு திறந்து கிடக்கிறது, அதற்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடலாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் வீட்டு நடையில நான் ஏறுததுக்கு எவன்கிட்ட வே பேரு சொல்லணும்?"

அதற்குமேல் என்ன பேச? மெஷின் அறைக்குத் திரும்பினேன். அந்த வரியையும் அடித்தேன். இனி அந்த டெர்மினலும் மற்றவை மாதிரி பேர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். யாருக்கும் சொல்லவில்லை. கரண்ட் போவதற்காகக் காத்திருந்தேன். குற்றாலத்தில் அதற்கு நேர்ச்சை ஒன்றும் வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் போனது, வந்தது, மெஷின் புதிதாக எழுந்தது.

சாயங்காலம் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, குடையை மடக்கியபடி வடிவாம்பாள் மதினி வந்தார்கள். அந்த அறைக்குள் அவர்கள் அதுவரை வந்ததில்லை. நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, பெட்டி என்னத்துக்கு இன்னைக்குப் பேரு கேக்கு?"

நீங்களா மதினி என்று கேட்டேன். மதினியிடம் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சந்தானகிருஷ்ணன் பெட்டியைப் பொருத்திய அன்று பலகாரம் கொண்டுபோன இடத்தில், ரூமை எப்படி மாற்றுவது என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். அவருக்குத்தான் மாட்டேன் என்று வராதே, காட்டிக் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி கவுண்டருக்குப் போன பிறகு, உறையை எடுத்துவிட்டு, பிறந்த ஊரிலிருந்து யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அவர்களுக்கு ஒரு ரூம் எழுதி வைப்பார்கள். இவ்வளவுதான்.

"கல்யாணம் முடிச்சு வந்த நாள்லேருந்து கீழப்பாவூர்ல எனக்கு லாட்ஜ்காரின்னுதான் பேரு. அவுக சொக்காரங்க பங்காளிமாரு வந்தா மாடி ரூம். எங்க ஊர்லேருந்து யாரு வந்தாலும் ஹவுஸ்ஃபுல். எங்கண்ணன் பொண்டாட்டி பிள்ளைகளோட கோயில் மண்டபத்துல ராத்திரி கெடந்துட்டுப் போனா தம்பி. நான் இங்கன மெத்தையில படுத்துக் கெடந்தேன்."

வாடகை ஒரு பைசா குறைத்ததில்லை என்றும் சொன்னார்கள். அது உண்மைதான். என் வேலை போகப்போகிறது என்று சொன்னேன். மதினி திடுக்கிட்டுவிட்டார்கள். இவ்வளவு தூரம் போனது அவர்களுக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குடும்பம் சொல்லியிருக்கிறது, அதற்கு மட்டும் திறந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணாச்சியிடம் போய் உங்கள் சம்சாரம்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்தியாயிற்று, இனி ரூம் மாறாது, நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இதுதான் என் கணக்கு. நினைத்தபடியே ரூம் மாறவில்லை. அந்த வாரம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. வந்தவர்கள் வந்தபடி தங்கள் தங்கள் ரூமுக்குப் போனார்கள். ஹாஜராவிடம் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்னேன். அன்றைக்கு அவள் பிரியாணி போட்டாள்.

ஆடி முதல் தேதி அண்ணாச்சி வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். பேச்சிமுத்துவும் அங்கே நின்றார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"நான் சத்தம் போட்டேன். நின்னுட்டுல்லா?" என்றார் அண்ணாச்சி. "அப்ப அதுவரைக்கும் பண்ணினது யாரு வே?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரூம் மாறிக்கொண்டே இருந்திருந்தால் நான் சந்தேகத்தில் மட்டும் இருந்திருப்பேன். நின்றுபோனதால் திருடன் ஆகிவிட்டேன். பேச்சிமுத்து தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுப் பெட்டிதான் காரணம், அதை மூடினேன், அதனால் நின்றது என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. என் வீட்டுப் பெட்டியை என்னைக் கேட்காமல் மூட நீ யார் என்று அதற்கு வேறு ஒரு பாட்டு வாங்கினேன். அப்படியானால் அதில் உட்கார்ந்து மாற்றியது யார், சொல் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காப்பித் தட்டோடு வந்த மதினி அதை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "நான்தான் மாத்தினேன்" என்றார்கள்.

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தொந்தி குலுங்க, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். பேச்சிமுத்துவும் முதலாளி சிரிக்கும் அளவுக்குச் சிரித்தார். எதைத் தட்டினாயாம், காட்டு பார்ப்போம் என்றார் அண்ணாச்சி. மதினி விறுவிறுவென்று போய்க் கிளி உறையை உருவினார்கள். திரை பேர் கேட்டது. மதினி தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்கள். பெட்டி அப்படி யாரையும் தெரியாது என்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாஸ்வேர்டு போடுகிறேன், அவர்கள் செய்து காட்டட்டும் என்று முன்னால் போனேன். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார். நீ திறந்துவிட்டு, நீ சொல்லிக்கொடுத்து, அவள் தட்டினால் அது சாட்சியா என்றார். வாஸ்தவம்தான்.

"பொம்பளைக்கு எரக்கசுபாவம். ஒனக்காவப் பொய் சொல்லுதா" என்றார். கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவர் பெட்டி பழையபடி அவரைப் பேர் கேட்காமல் திறக்க வேண்டும்.

மெஷின் அறைக்குப் போனேன். அடித்த வரியைத் திரும்ப எழுதினேன். நிறுத்தி எழுப்பினேன். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது கதவு திறந்துவிட்டது. பாஸ்வேர்டும் வேண்டாம், நானும் வேண்டாம். மதினி நாலு தட்டுத் தட்டினால் போதும், அண்ணாச்சி கண்ணாலேயே பார்த்துவிடுவார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். அது அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அதில் பரம சந்தோஷம். பேச்சிமுத்துவுக்கும் காட்டினார். நான் மதினியிடம் சொன்னேன்: "இப்பத் தொறந்துட்டு மதினி. அண்ணாச்சிக்குச் செஞ்சு காட்டுங்க."

மதினி என்னைப் பார்த்தார்கள். திறந்து கிடந்த திரையைப் பார்த்தார்கள். புருஷன் சிரித்து ஓய்ந்த முகத்தையும் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் யோசித்த ஒரு மனுஷியை நான் கண்டதில்லை.

"எனக்கு இதுல என்ன தம்பி தெரியும்" என்றார்கள். "காப்பி ஆறுது, குடிங்க."

கிளி உறையை எடுத்துப் பெட்டிமேல் போட்டு, நாலு மூலையையும் நீவிவிட்டார்கள். காப்பியைக் குடித்தேன். கோபம் வந்தது, இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. கோயில் மண்டபத்துப் படுக்கையை நினைத்தால் அந்தக் கோபத்தை யார்மேல் கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தபோது நல்ல சாரல். வேட்டி நனைய நனையத் தென்காசி பஸ்ஸுக்கு நின்றேன்.

வீட்டில் ஹாஜராவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதையும், அண்ணாச்சி சிரித்ததையும், அப்புறம் அவர்களே ஒன்றும் தெரியாது என்று உறையைப் போட்டு மூடியதையும் சொன்னேன். அந்த அம்மாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, பிழிந்து, கொடியில் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டையின் சுருக்கத்தை வெகுநேரம் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ எத்தனை வருசம்?" என்று கேட்டாள்.